ஆங்கில வகுப்பில் ஆசிரியரின் பேச்சு

இந்தியப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்பது பற்றி எழும் விவாதங்களில் பெரும்பாலானவை, அம்மொழியை எந்த வகுப்பில் தொடங்குவது, எத்தனை ஆண்டுகள் கற்பிப்பது, பாடமாக மட்டும் வைத்துக்கொள்வதா பயிற்று மொழியாகவும் ஆக்குவதா என்னும் வினாக்களைச் சுற்றியே அமைகின்றன. 1964 முதல் 1966 வரை பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழுவும், 1968, 1986, 2020 ஆகிய ஆண்டுகளில் வெளியான தேசியக் கல்விக் கொள்கைகளும் இவ்வினாக்களுக்கு விடை காண முயன்றுள்ளன. மேற்கு வங்கத்தில் 1980-களின் தொடக்கத்தில் அரசுத் தொடக்கப் பள்ளிகளிலிருந்து விலக்கப்பட்ட ஆங்கிலம், நீண்ட சர்ச்சைக்குப் பின்னர் 2004-இல் முதல் வகுப்புக்கே திரும்பியது. இவை யாவும் கொள்கை அளவில் முக்கியமானவையே. ஆனால் பாடவேளை தொடங்கியபின் ஆசிரியர் எவ்வாறு பேசுகிறார், அப்பேச்சில் எவ்வளவு மாணவரைச் சென்றடைகிறது என்பதும் கற்பித்தலின் பயனைத் தீர்மானிக்கிறது. இதற்கு அறிக்கைகளில் கிடைக்கும் இடம் குறைவு.

ஓர் எளிய கணக்கு இதன் முக்கியத்துவத்தைப் புலப்படுத்தும். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 220 வேலை நாட்களை விதிக்கிறது. நாளொன்றுக்கு 40 நிமிடப் பாடவேளை ஒன்று ஆங்கிலத்துக்கு ஒதுக்கப்படுவதாகக் கொண்டால், ஆண்டு முழுவதும் கிடைப்பது ஏறத்தாழ 147 மணி நேரம். நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேரம் தாய்மொழியின் நடுவே வாழும் சிறுவனுக்கு இது பன்னிரண்டு அல்லது பதின்மூன்று நாட்களின் அளவே ஆகும். அந்த 147 மணியிலும் தேர்வு நாட்கள், ஆசிரியர் பிற அரசுப் பணிகளுக்கு அனுப்பப்படும் நாட்கள் ஆகியவற்றைக் கழிக்க வேண்டும். இவ்வகுப்புகளுக்கு அச்சட்டம் கூறும் விகிதம் 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர். அத்தகைய வகுப்பில் ஆசிரியர் வாய் திறவாமலே இருந்தாலும், ஒரு மாணவருக்குப் பேசக் கிடைப்பது பாடவேளைக்கு ஒரு நிமிடத்துக்குச் சற்று மேல்தான்.

ஆகவே, வீட்டிலும் தெருவிலும் ஆங்கிலம் வழங்காத பெரும்பான்மை மாணவருக்கு, ஆசிரியரின் பேச்சே அம்மொழியின் உயிருள்ள வடிவமாக அமைகிறது. தொலைக்காட்சியும் கைப்பேசியும் சிற்றூர்களை எட்டிவிட்டன என்பது உண்மை. எனினும் அவற்றில் ஒலிக்கும் ஆங்கிலம் பெரும்பாலும் அம்மாணவனை நோக்கிப் பேசுவதில்லை. அவன் புரியாமல் விழித்தால் நின்று மீண்டும் சொல்வதும் இல்லை. அதைச் செய்யக்கூடியவர் ஆசிரியர் ஒருவரே.

விடை தராத வினாக்கள்

பெரும்பாலான வகுப்புகளில் அடிக்கடி கேட்கப்படும் வினா 'அண்டர்ஸ்டாண்ட்?' என்பதாகும். 'எஸ் சார்' என்று வகுப்பு முழுவதும் ஒரே குரலில் விடையிறுக்கும். இவ்விடையிலிருந்து ஆசிரியர் அறிந்துகொள்வது எதுவுமில்லை. புரியவில்லை என்று சொல்வதற்காக நாற்பது பேர் நடுவில் எழுந்து நிற்பது துணிவு வேண்டிய செயல். அன்றியும், எந்த இடம் புரியவில்லை என்று சுட்டுவதற்கே ஓரளவு புரிந்திருக்க வேண்டும். மரியாதையும் இதில் சேர்கிறது. ஆசிரியர் விளக்கிய பின்னரும் தனக்கு விளங்கவில்லை என்பது அவருடைய விளக்கத்தைக் குறைகூறுவதாகிவிடும் என்று எண்ணும் பிள்ளைகள் இந்நாட்டுப் பள்ளிகளில் ஏராளமாக உள்ளனர்.

இதற்கு இணையான மற்றொரு வழக்கமும் உண்டு. ஆசிரியர் ஒரு வாக்கியத்தைச் சொல்லி, அதன் இறுதிச் சொல்லைப் பாதியில் நிறுத்துவார். எஞ்சிய பாதியை வகுப்பு உரக்க முடிக்கும். 'டெல்லி இஸ் த கேபிடல் ஆஃப் இன்...' என்று அவர் இழுக்க, '...டியா' என்று முழக்கம் எழும். வெளியிலிருந்து கேட்பவருக்கு வகுப்பு மிகுந்த விழிப்புடன் இயங்குவதாகத் தோன்றும். உண்மையில் முன்வரிசையில் ஐந்தாறு பேர் தொடங்கிவைக்க, ஏனையோர் ஒலியைப் பின்பற்றுகின்றனர். கேபிடல் என்னும் சொல்லின் பொருளை அறியாத மாணவனும் அந்த முழக்கத்தில் குறைவின்றிக் கலந்துகொள்ளலாம்.

மொழிகளின் அமைப்பு வேறுபாட்டால் விளையும் தவறான புரிதல்கள் இன்னும் நுட்பமானவை. 'நோட்டுப் புத்தகம் கொண்டுவரவில்லையா?' என்று ஆசிரியர் ஆங்கிலத்தில் கேட்கிறார். கொண்டுவராத மாணவன் 'எஸ் சார்' என்கிறான். தமிழிலும் இந்தியிலும், கேட்டவரின் ஐயம் சரியே என்று ஒப்புக்கொள்ளும் முறையில் 'ஆமாம், கொண்டுவரவில்லை' என்பதே இயல்பான விடை. ஆங்கிலத்தில் இதற்கு விடை 'நோ'. ஆங்கில வழக்கில் ஊறிய ஆசிரியருக்கு மாணவன் பொய் சொல்வதாகத் தோன்றும். மாணவனுக்கோ உண்மை சொல்லியும் கண்டிக்கப்படுவதாகத் தோன்றும். எதிர்மறை வடிவில் வினவுவதைத் தொடக்க வகுப்புகளில் தவிர்ப்பதே இதற்கு எளிய வழி. 'நோட்டுப் புத்தகம் எங்கே?' என்னும் வினாவில் இந்தச் சிக்கல் எழுவதில்லை.

கட்டளைகளிலும் இதே நிலை காணப்படுகிறது. 'புத்தகத்தைத் திறப்பதற்கு முன் இந்தப் படத்தைப் பாருங்கள்' என்னும் பொருள்பட 'பிஃபோர் ஓபனிங் யுவர் புக்ஸ், லுக் அட் திஸ் பிக்சர்' என்று ஆசிரியர் சொன்னவுடன், வகுப்பில் பாதிப்பேர் புத்தகத்தைத் திறப்பர். இதைக் கவனக்குறைவு என்று சொல்வதற்கில்லை. முன், பின் என்னும் சொற்கள் இந்திய மொழிகளில் வினைக்குப் பின்னால் வருபவை. ஆங்கிலத்திலோ அவை முன்னால் வந்து, கேட்பவர் பழகிய சொல்லைத் தேடுவதற்குள் நழுவிவிடுகின்றன. மாணவனின் காதில் தங்குவது புத்தகம், திற என்னும் இரண்டே சொற்கள். செய்ய வேண்டிய வரிசையிலேயே கட்டளைகளை அமைத்து, முதலாவதை அனைவரும் செய்து முடித்த பின்னர் அடுத்ததைச் சொன்னால் இக்குழப்பம் பெரும்பாலும் நீங்கும்.

வாக்கியப் பயிற்சியின் வரலாறு

இன்றைய வகுப்பறை வழக்கங்கள் தாமாகத் தோன்றியவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு காலத்தின் நம்பிக்கை உள்ளது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேரூன்றிய இலக்கண, மொழிபெயர்ப்பு முறையில் ஆசிரியர் ஆங்கிலத்தைப் பற்றிப் பேசினாரேயன்றி ஆங்கிலத்தில் மாணவரோடு பேசவில்லை. டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியின் முதல்வராக இருந்த மைக்கேல் வெஸ்ட், வங்காளத்தின் நிலைமையை ஆராய்ந்து 1926-இல் இருமொழிக் கல்வி பற்றி ஒரு நூல் வெளியிட்டார். படிப்பை இடையில் நிறுத்திவிடும் மாணவனுக்கு அதுவரை கற்ற ஆங்கிலத்தால் என்ன பயன் என்ற வினாவை அவர் எழுப்பினார். ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை இடையில் ஒப்படைப்பவருக்கு ஒரு தொகை கிடைப்பதுபோல், எந்த வகுப்பில் நின்றாலும் மாணவன் கையில் ஏதேனும் எஞ்ச வேண்டும் என்பது அவருடைய வாதம். அவர் கண்ட விடை வாசிப்புத் திறன். அவ்விடையை ஏற்காதவரும் அவ்வினாவின் நியாயத்தை மறுக்க இயலாது. எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு விலகும் ஒருவருக்கு, மனப்பாடம் செய்த கட்டுரைகள் எதையும் மிச்சம் வைப்பதில்லை.

விடுதலைக்குப் பின்னர் வாக்கிய அமைப்பு முறை செல்வாக்குப் பெற்றது. 1958-இல் ஐதராபாத்தில் மத்திய ஆங்கில நிறுவனமும், 1963-இல் பெங்களூரில் தென்னிந்திய வட்டார ஆங்கில நிறுவனமும் தோன்றின. 1960-ஆம் ஆண்டையொட்டிச் சென்னை மாநிலத்தில் மேற்கொள்ளப்பட்ட பெரும் இயக்கம், தொடக்க நிலையில் ஆங்கிலம் கற்பிக்கும் 27,000 ஆசிரியர்களுக்கு மறுபயிற்சி அளிக்க முனைந்தது. பயிற்சி பெற்ற சிலர் பலருக்கும், அப்பலர் இன்னும் பலருக்கும் பயிற்சியளிக்கும் முறையில் அது அமைந்ததால், உருள உருளப் பெருகும் பனிப்பந்தின் பெயரால் அது வழங்கப்பட்டது. அளவில் அது வியக்கத்தக்க முயற்சி. மொழிபெயர்ப்பில் மூழ்கிக் கிடந்த வகுப்புகளில் ஆங்கில ஒலி கேட்கத் தொடங்கியதற்கு இத்தகைய முயற்சிகளே காரணம் எனலாம்.

ஆனால் அம்முறையில் ஒரு குறை உள்ளுறைந்திருந்தது. ஆசிரியர் கதவை நோக்கி நடந்துகொண்டே 'நான் கதவை நோக்கி நடக்கிறேன்' என்று ஆங்கிலத்தில் சொல்வார். புத்தகத்தைக் கையில் உயர்த்தி 'இது ஒரு புத்தகம்' என்பார். மாணவர் அதைத் திருப்பிச் சொல்வர். வாக்கியம் பிழையற்றது; சூழலும் கண்முன் உள்ளது; ஆனால் சொல்லப்பட்டதில் செய்தி ஏதும் இல்லை. அது புத்தகம் என்பதை அறியாதவர் அவ்வறையில் எவரும் இலர். யாருக்கும் எதையும் தெரிவிக்காத பேச்சைக் கேட்டுப் பழகிய மாணவன், ஆங்கிலம் என்பது திருப்பிச் சொல்வதற்கான ஒலி என்றே கருதத் தலைப்பட்டால் அதில் வியப்பில்லை. வகுப்பில் பிழையின்றிச் சொன்ன அமைப்பை வெளியே பயன்படுத்த முடியாமல் தடுமாறுவதைக் கண்ட ஆசிரியர்களிடம் 1970-களில் அதிருப்தி வளர்ந்தது.

பெங்களூர் முயற்சி

இந்த அதிருப்தியிலிருந்து பிறந்ததே, உலகெங்கும் மொழி ஆசிரியர்களால் இன்றும் குறிப்பிடப்படும் பெங்களூர்த் திட்டம். சென்னை பிரிட்டிஷ் கவுன்சிலில் பணியாற்றிய என்.எஸ். பிரபு, பெங்களூர் வட்டார ஆங்கில நிறுவனத்துடன் இணைந்து 1979 முதல் 1984 வரை இதனை நடத்தினார். பெங்களூர், சென்னை, கடலூர் ஆகிய ஊர்களின் பள்ளிகள் சில இதில் இடம்பெற்றன. அனுபவங்களைத் தொகுத்து அவர் எழுதிய நூல் 1987-இல் வெளியாயிற்று. மாணவரின் கவனம் மொழியின் வடிவத்தில் நிற்காமல் பொருளில் ஈடுபட்டிருக்கும்போதுதான் இலக்கணம் அவர்கள் உள்ளத்தில் படிகிறது என்பது இத்திட்டத்தின் அடிப்படைக் கருத்து. எனவே பாடத்திட்டம் வாக்கிய அமைப்புகளின் பட்டியலாக இல்லாமல், சிந்தித்துத் தீர்க்க வேண்டிய பணிகளின் வரிசையாக அமைந்தது. கால அட்டவணைகளும் வரைபடங்களும் அவற்றில் இடம்பெற்றன.

இவ்வகை வகுப்பின் போக்கைப் பின்வரும் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஆசிரியர் கரும்பலகையில் ஒரே ஊருக்குச் செல்லும் மூன்று புகைவண்டிகளின் நேரங்களை எழுதுகிறார். முதல் வண்டி காலை 6-10க்குப் புறப்பட்டு 11-20க்குச் சேர்கிறது. இரண்டாவது 7-30க்குப் புறப்பட்டு 10-45க்குச் சேர்கிறது. மூன்றாவது 9-00க்குப் புறப்பட்டு 12-15க்குச் சேர்கிறது. ஒவ்வொன்றும் எப்போது புறப்படுகிறது, எப்போது சேர்கிறது என்று முதலில் ஆங்கிலத்தில் வினவுகிறார். பின்னர், ஒருவர் 11 மணிக்கு அந்த ஊர் மருத்துவமனையில் இருக்க வேண்டும், அவர் எந்த வண்டியில் செல்ல வேண்டும் என்று கேட்கிறார். ஒரு மாணவி 'ஃபர்ஸ்ட் ட்ரெயின்' என்கிறாள். முதலில் புறப்படுவதே முதலில் சேரும் என்று அவள் எண்ணினாளா, அல்லது சேர்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அவளுக்கு விளங்கவில்லையா? ஆசிரியர் அவளைக் கண்டிக்காமல், அந்த வண்டி எப்போது சேர்கிறது என்று கேட்கிறார். 'எலெவன் ட்வென்ட்டி.' அது 11 மணிக்கு முன்னா பின்னா என்று அடுத்த வினா. மாணவி தானே விடையை மாற்றிக்கொள்கிறாள்.

அவள் பேசியது மொத்தம் ஐந்தாறு சொற்கள். ஆனால் ஆசிரியர் கூறிய வாக்கியங்கள் ஒவ்வொன்றையும் பொருளுணர்ந்து கேட்டாலன்றி அவளால் விடைகூற முடிந்திராது. 'புரிந்ததா' என்று கேட்காமலே ஆசிரியருக்கு அது தெரிந்துவிடுகிறது. புரியவில்லையெனில் எந்த இடத்தில் என்பதும் தெரிகிறது. இந்த ஏற்பாட்டின் மதிப்பு இங்கேயே உள்ளது.

இத்தகைய வகுப்பில் ஆசிரியர் பேசும் ஆங்கிலம் முன்கூட்டி அளந்து வைக்கப்பட்டதன்று. சிறு குழந்தையிடம் பெரியவர் பேசும்போது இயல்பாகவே வேகத்தைக் குறைத்து, சொன்னதையே வேறு சொற்களில் மீண்டும் சொல்லி, முகத்தைப் பார்த்துத் தொடர்வதுபோல், ஆசிரியரும் தேவைக்கேற்ப எளிமையாக்குகிறார். பணியின் கடுமையை அளவிடவும் பிரபு ஓர் எளிய அளவுகோலைக் கையாண்டார். வகுப்பில் பாதிப்பேராவது பணியில் பாதியையாவது சரியாக முடிக்க முடிந்தால் அப்பணி பொருத்தமானது. அதற்கும் குறைந்தால் மறுநாள் எளிதாக்க வேண்டும். ஆராய்ச்சிக் கருவிகள் எவையும் இல்லாத சிற்றூர் ஆசிரியரும் கையாளத்தக்க அளவுகோல் இது. அதனாலேயே இது பரவலாக அறியப்பட வேண்டியது.

இத்திட்டத்தின் வரம்புகளையும் கூறவேண்டும். 1985-இல் வெளியான பெரெட்டா, டேவிஸ் ஆகியோரின் மதிப்பீடு சாதகமாக அமைந்தபோதிலும் முடிவுகளை எச்சரிக்கையுடனேயே முன்வைத்தது. பள்ளியின் வழக்கமான ஆசிரியர்களைக் காட்டிலும், வெளியிலிருந்து வந்து கற்பித்த வல்லுநர்களே இம்முறையை முழுமையாகக் கையாண்டனர் என்பதும் பின்னர்த் தெரியவந்தது. ஆங்கிலத்தில் சரளமாகப் பேச இயலாத ஆசிரியரிடம் திட்டமிடாத பேச்சை எதிர்பார்ப்பது எளிதன்று. இலக்கணம் கற்பிப்பதைக் கைவிடும் அளவுக்கு இம்முறையைப் பின்பற்றப் பொதுத்தேர்வுகளும் இடம்தரா. இவற்றால் திட்டம் முழுவதையும் ஒதுக்கிவிடுவது தவறாகும். வாரத்தில் இரண்டு பாடவேளைகளை இவ்வாறு நடத்துவதற்கு எந்தத் தேர்வும் தடையாக இல்லை.

தாய்மொழிக்குரிய இடம்

ஆங்கில வகுப்பில் தாய்மொழி ஒரு சொல்கூட ஒலிக்கலாகாது என்னும் விதி இன்றும் சில பள்ளிகளில் நடைமுறையில் உள்ளது. மீறும் மாணவரிடம் தண்டம் வசூலிப்பதும் உண்டு. இவ்விதிக்கு ஆதரவாகக் கூறத்தக்க கல்விக் காரணம் வலுவற்றது. 'ஆயினும்' என்னும் பொருளுடைய ஓர் ஆங்கிலச் சொல்லைச் சைகையால் விளக்க முயன்று பத்து நிமிடத்தை வீணாக்குவதைவிட, அதன் தாய்மொழிப் பொருளை ஒருமுறை சொல்லிவிட்டுப் பயிற்சிக்குச் செல்வது நன்று. வேல்ஸ் நாட்டில் சி.ஜே. டாட்சன் 1967-இல் வகுத்த இருமொழி முறை இதனையே நெறிப்படுத்தியது.

இதற்கு மறுமுனையில் உள்ள வழக்கமே இந்தியாவில் பெருவாரியானது. ஆசிரியர் பாடநூலின் ஆங்கில வாக்கியம் ஒன்றை வாசித்து, உடனே அதன் மொழிபெயர்ப்பைச் சொல்லி, அடுத்த வாக்கியத்துக்குச் செல்கிறார். சில வாரங்களில் மாணவர் இதன் தாளத்தைக் கற்றுக்கொள்கின்றனர். முதலில் வருவது ஆங்கிலம், அதைக் கேட்க வேண்டியதில்லை. பின்னால் வருவது பொருள், அதைக் கேட்டால் போதும். ஆண்டுக்கு 147 மணி என்று கணக்கிட்ட நேரத்தில் காது திறந்திருப்பது தாய்மொழிப் பகுதிக்கு மட்டுமே என்றாகிறது. வரிசையைச் சற்றே மாற்றினால் நிலைமை மாறும். ஆசிரியர் ஆங்கிலத்தில் ஒருமுறை சொல்லி, கரும்பலகையில் ஒரு கோட்டுப் படம் வரைந்து, வேறு சொற்களில் மீண்டும் சொல்லி, சற்று நிறுத்த வேண்டும். பின்னர் ஒரு மாணவனை அழைத்து, கேட்டதன் பொருளை அவனுடைய மொழியில் சொல்லச் செய்ய வேண்டும். மொழிபெயர்க்கும் பொறுப்பு மாணவனுக்கு மாறும்போது, ஆங்கிலத்தைக் கேட்டாக வேண்டிய தேவையும் அவனைச் சேர்கிறது. அவன் சொல்வதில் உள்ள பிழை, ஆசிரியரின் பேச்சு எங்கே தடைப்பட்டது என்பதையும் காட்டிவிடும்.

மாநில மொழி எல்லா மாணவருக்கும் தாய்மொழி அன்று என்பதும் நினைவில் கொள்ளத்தக்கது. 2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பதினாயிரம் பேருக்குக் குறையாமல் பேசும் மொழிகளென 121 மொழிகளைப் பட்டியலிட்டது. ஜார்க்கண்டில் சந்தாலி பேசும் குழந்தைக்கோ, சத்தீஸ்கரில் கோண்டி பேசும் குழந்தைக்கோ, ஆங்கிலத்தை இந்தியில் விளக்குவது கற்றுக்கொண்டிருக்கும் ஒரு மொழியை மற்றொன்றால் விளக்குவதாகும். நாகாலாந்தில் ஆங்கிலமே ஆட்சி மொழி; அங்கே ஆவோ, அங்காமி, சுமி, லோத்தா முதலான மொழிகளைப் பேசும் பிள்ளைகள் நகர்ப்புறங்களில் ஒரே வகுப்பில் அமரக்கூடும். கணக்கும் அறிவியலும் ஆங்கிலத்திலேயே நடப்பதால், ஆசிரியரின் ஆங்கிலம் புரியாவிடில் எல்லாப் பாடங்களும் கைநழுவும். எனவே மொழியாசிரியருக்குக் கூறப்படுபவை யாவும் அங்குள்ள கணக்காசிரியருக்கும் பொருந்தும். ஒரே தாய்மொழியுடைய மாணவர் இருவரை அருகருகே அமர்த்தி, புரிந்தவர் மற்றவருக்குத் தாழ்ந்த குரலில் விளக்க இடம்தருவது, இத்தகைய வகுப்புகளில் ஆசிரியர் எளிதாகச் செய்யத்தக்க உதவியாகும். வகுப்பில் அமைதி இல்லை என்று தலைமையாசிரியர் குறைகூறலாம். அந்த முணுமுணுப்பால் விளையும் பயன் அதைவிடப் பெரிது.

காத்திருத்தலும் திருத்துதலும்

அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளின் அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர் ஒரு வினாவைக் கேட்டபின் சராசரியாக ஒரு விநாடி அளவே காத்திருப்பதை 1970-களில் எடுத்துக்காட்டினார். அக்காத்திருப்பை மூன்று விநாடிகள் அல்லது அதற்கு மேல் நீட்டியபோது விடைகள் நீண்டன. விடையளிக்காமல் நிற்போர் குறைந்தனர். வழக்கமாக வாய் திறவாதவரும் பேசத் தொடங்கினர். அக்குழந்தைகளுக்குக் கேட்ட மொழி தெரிந்த மொழியே. இந்தியாவின் ஆங்கில வகுப்பில் உள்ள மாணவன் முதலில் வினாவைப் புரிந்துகொண்டு, தன் மொழியில் விடையைக் கண்டு, பின்னர் அதற்குரிய ஆங்கிலச் சொற்களைத் தேட வேண்டும். மூன்று விநாடி அவனுக்குப் போதாமலும் போகலாம். நடைமுறையிலோ முன்வரிசையில் கை உயர்ந்ததும் வினா முடிந்துவிடுகிறது. கை உயர்த்துவதை நிறுத்திவைத்து, அனைவரும் விடையை ஒரு சொல்லில் எழுதிய பின்னரே ஒருவரை அழைப்பது நல்ல பழக்கம். பின்வரிசை மாணவிக்கும் அப்போது சொல்வதற்கு ஏதேனும் இருக்கும்.

திருத்தும் முறையும் பேச்சை வளர்க்கவோ அடக்கவோ செய்யும். நேற்றுச் சந்தைக்குப் போனதைச் சொல்ல முனைந்த மாணவன் 'எஸ்டர்டே ஐ கோ மார்க்கெட்' என்கிறான். ஆசிரியர் இடைமறித்து இறந்தகால வடிவத்தை ஐந்து முறை சொல்லச் செய்தால், சந்தையில் என்ன வாங்கினான் என்பதை அவன் சொல்லப்போவதில்லை. 'ஓ, யூ வென்ட் டு த மார்க்கெட்? வாட் டிட் யூ பை?' என்று ஆசிரியர் மறுமொழி கூறினால், சரியான வடிவம் அவன் காதில் விழுகிறது, உரையாடலும் தொடர்கிறது. பெங்களூர்த் திட்டத்தில் பின்பற்றப்பட்ட முறையும் இத்தகையதே. பல மாணவரிடம் ஒரே பிழை மீண்டும் மீண்டும் தென்படுமாயின் அதைக் குறித்துக்கொண்டு, எழுத்துப் பயிற்சியின்போது அனைவருக்கும் பொதுவாக விளக்கலாம். உச்சரிப்பைப் பொறுத்தவரை கூடுதல் பொறுமை தேவை. 'இஸ்கூல்' என்று சொல்லும் உத்தரப் பிரதேசச் சிறுவனை வகுப்பு நகைக்க விடுவதால் அவன் உச்சரிப்பு திருந்துவதில்லை. அவன் பேசுவதே நின்றுபோகிறது.

ஆசிரியரின் தயக்கம்

தொடக்க, நடுநிலைப் பள்ளிகளில் ஆங்கிலம் கற்பிப்போரில் மிகப்பலர் தாமும் அதை ஒரு பாடமாக மட்டுமே பயின்றவர்கள். தவறாகப் பேசிவிடுவோமோ என்னும் அச்சம் அவர்களுக்கு உண்டு. மொழிபெயர்ப்பையும் விற்பனையில் உள்ள உரைநூல்களையும் அவர்கள் நாடுவதற்குச் சோம்பலைக் காரணமாகக் கூறுவது நியாயமன்று. இவர்களுக்குத் தேவைப்படுவது இலக்கியப் புலமையைவிட, வகுப்பை நடத்தும் ஆங்கிலத்தில் தேர்ச்சி. வருகைப் பதிவு எடுத்தல், நோட்டுப் புத்தகங்களைப் பகிர்ந்தளித்தல், நேற்று வராதவரிடம் காரணம் கேட்டல், சன்னலைத் திறக்கச் சொல்லுதல் ஆகியவை நாள்தோறும் நிகழ்பவை. இவற்றில் உண்மையான செய்தி உள்ளது. கேட்பவர் செயலால் விடையளித்தாக வேண்டும். நாளைய பாடத்தில் தாம் சொல்லப்போகும் கட்டளைகள் நான்கைந்தை முந்திய மாலையே எழுதி, அவற்றைச் சுருக்கி, வரிசைப்படுத்திக்கொள்ளும் ஆசிரியர் சில மாதங்களில் எழுத்தின் துணையின்றிப் பேசத் தொடங்குவதை எதிர்பார்க்கலாம்.

1986-ஆம் ஆண்டுக் கொள்கையை அடுத்து நிறுவப்பட்ட மாவட்ட ஆசிரியர் கல்வி, பயிற்சி நிறுவனங்கள் இப்பணிக்கு ஏற்ற இடங்கள். ஆனால் முறைகளைப் பற்றிய விரிவுரைகளாகவே அமையும் பயிற்சிகள், ஆசிரியரைக் கேட்டுக்கொண்டே இருப்பவராக்கிவிடுகின்றன. அவர் தம் வகுப்பில் மாணவரை வைத்திருக்கும் அதே நிலையில் தாமும் வைக்கப்படுகிறார்.

பள்ளிகளைப் பார்வையிடும் அலுவலர்களின் பங்கும் சிறிதன்று. எத்தனை பாடங்கள் முடிந்தன, குறிப்பேடுகள் திருத்தப்பட்டுள்ளனவா என்று மட்டும் பார்வையாளர் கேட்பாரானால், ஆசிரியரும் பாடங்களை முடிப்பதிலேயே முனைவார். அதற்கு மாறாக, அலுவலர் கடைசி வரிசையில் ஒரு பாடவேளை அமர்ந்து, தம் குறிப்பேட்டில் மூன்று எண்ணிக்கைகளை மட்டும் குறிக்கலாம். வகுப்பில் தனியாக வாய் திறந்த மாணவர் எத்தனை பேர். ஆசிரியர் தமக்கு முன்பே விடை தெரிந்த வினாக்களை எத்தனை கேட்டார், தெரியாதவற்றை எத்தனை கேட்டார். வினாவுக்குப் பின் எத்தனை முறை மூன்று விநாடியேனும் காத்திருந்தார். ஆசிரியர் தாமே கைப்பேசியில் தம் பாடவேளையைப் பதிவுசெய்து, மாலையில் கேட்டு இதே கணக்கை எடுக்கவும் இயலும். அலுவலரின் வருகைக்கு ஒரு வாரம் முன்பு எடுத்த கணக்கையும் அன்று எடுத்த கணக்கையும் அருகருகே வைத்து, தலைமையாசிரியர் அறையில் இருவரும் அரை மணி நேரம் பேசுவதற்குத் தனி நிதி ஒதுக்கீடோ புதிய ஆணையோ தேவைப்படாது.